நிலத்தில் தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்து வீட்டைக் கலவைப் பாணியில் நிறத்தோடு அலங்கரிக்க முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கலவைப் பாணியைத் தேடிப் போகத் தேவையில்லை, அநேகமான வீடுகள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன. ஹோலில் அம்மம்மாவின் சீதனப் பெட்டகம், அதற்குப் பக்கத்தில் இரும்பு அலுமாரி, கனடா மாமா வந்து நின்றபோது வாங்கித் தந்த பெரிய செற்றி, சுவரில் நகைக்கடைக் கலண்டர், மூலையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள். பொருட்கள் எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன, ஒன்றோடொன்று சேரவில்லை என்பதுதான் குறை. சேர்த்து வைக்கக்கூடியது நிறம். அந்த நிறத்தை எங்கேயிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம்: பெயின்ற் கடைக்குப் போய், ஷேட் கார்ட்டை விரித்து, கடைசியில் களைத்துப்போய் "கிறீம் கலரே தாங்கோ" என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

நான் சொல்வது, வீட்டின் நிலத்திலிருந்து, அதாவது தரையிலிருந்து எடுங்கள். சுவரை ஒரு கிழமைக்குள் மாற்றலாம், யன்னல் கேட்டின் துணியை ஒரு பின்னேரத்தில் மாற்றலாம், நிலத்தை மாற்றுவதென்றால் வீட்டையே காலி செய்ய வேண்டும். மாற்ற முடியாதது எதுவோ அதற்குத்தான் மற்றதெல்லாம் இணங்கிப் போக வேண்டும்.

1. கொப்பியும் பென்சிலும்

எதையும் வாங்க முதல் அறை அறையாகப் போய் இருப்பதை எழுதுங்கள். அசையாதவை ஒரு பக்கம்: நிலம், கூரை, சீலிங், நிலைகள், கதவு, யன்னல், குசினி மேடை. அகற்றவே முடியாதவை இன்னொரு பக்கம்: பெட்டகம், சாய்மனைக் கதிரை, சாமிப்படங்கள், காலமானவர்களின் படங்கள். மிச்சமெல்லாம் மூன்றாவது பக்கம்.

இரண்டாவது பக்கத்தை நீங்கள் தனியாக இருந்து எழுதக்கூடாது. வீட்டில் உள்ள எல்லாரையும் கேளுங்கள். 1995 யுத்த இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவும் நிலையும்கூட மிஞ்சியிருக்கவில்லை, அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பழைய தையல் மெசின் தப்பியிருக்கிறது என்றால் அது ஓடுதோ இல்லையோ, அம்மாவுக்கு அது தளபாடம் இல்லை. அதை எங்கே வைத்தால் அழகாக இருக்கும் என்று யோசிப்பதுதான் உங்கள் வேலை, வைப்பதா வேண்டாமா என்று விவாதிப்பது இல்லை.

ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த அறையில் வெளிர், நடுத்தரம், அடர் என்ற வித்தியாசம் இல்லை என்று அர்த்தம். புதிதாக என்ன நிறம் சேர்த்தாலும் அது எடுபடாது, முதலில் அந்த ஏற்ற இறக்கம் வர வேண்டும்.

2. நிலம் என்ன சொல்கிறது

சிவப்புச் சீமெந்து நிலம் உள்ள வீடு கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தயவுசெய்து அதற்கு மேல் மாபிள் பதிக்காதீர்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஒக்சைட்டிலிருந்து வருவது, வெயில் பட்டு வெளிறாது, நடந்து நடந்து தேய்ந்துதான் போகும். நன்றாகக் கழுவி, காய விட்டு, மெழுகுப் பொலிஷ் போட்டுத் தேய்த்தாலே பாதி வீடு புதிதாகிவிடும். வெடிப்பும் குழியும் இருந்தால் மேசன் புதுக் கலவை போட்டு அடைப்பார், ஆனால் பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் ஒருநாளும் ஒத்துப்போகாது. மறைக்கப் பார்ப்பதைவிட அந்த இடத்தில் கறுப்புச் சீமெந்தில் ஒரு பட்டையோ சதுரமோ போட்டுவிட்டால் வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும். ஒக்சைட் தூளைக் கூடப் போட்டால் நிறம் கூடும் என்று சிலர் அள்ளிக் கொட்டுவார்கள், சீமெந்தின் நிறையில் 10 வீதத்தைத் தாண்டினால் கலவை பலமிழக்கும்.

சிவப்பு நிலத்துக்குச் சுவரில் மஞ்சள் கலந்த வெள்ளை, வெளிறிய சாம்பல் பச்சை, சாம்பல் நீலம் எல்லாம் நன்றாகப் போகும். பீச், இளஞ்சிவப்பு வேண்டாம். காரணம் எளிது: நிலத்தில் விழும் வெயில் தெறித்துச் சுவரின் கீழ்ப்பாதியை ஏற்கெனவே சிவப்பாக்குகிறது, அதற்கு மேல் நீங்களும் சிவப்பைச் சேர்த்தால் மத்தியானத்தில் அறை எரியும். நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளையும் வேண்டாம், ஆஸ்பத்திரி வார்ட் ஞாபகம் வரும்.

இப்போது கட்டுகிற வீடுகளில் பெரும்பாலும் கிறீம் நிற மினுங்கல் மாபிள்தான். இதில் தவறில்லை, ஆனால் கிறீம் நிலம், கிறீம் சுவர், கிறீம் சீலிங் என்று போனால் எந்தப் பொருளும் கண்ணில் நிற்காது. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வெள்ளை ஏ4 தாள் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் மாபிளுக்கு மேல் வையுங்கள். தாளுக்குப் பக்கத்தில் நிலம் மஞ்சளாகத் தெரிகிறதா, இளஞ்சிவப்பாகவா, சாம்பலாகவா? அதுதான் உங்கள் நிலத்தின் அடிநிறம். மஞ்சள் அடி என்றால் கடுகு, களிமண், இலைப்பச்சை போன்ற மண் நிறங்கள். இளஞ்சிவப்பு அடி என்றால் பச்சையும் நீலப்பச்சையும் அதைச் சமப்படுத்தும். சாம்பல் அடி என்றால் கிட்டத்தட்ட எதுவும் போகும். மூன்றிலும் தூய வெள்ளைச் சுவர் மட்டும் ஆகாது, அதற்குப் பக்கத்தில் நிலம் கழுவாததுபோலக் கிடக்கும். மினுக்கத்தைக் குறைக்க ஒரு பெரிய பனையோலைப் பாயோ பருத்திக் கம்பளமோ போதும்.

பூப்போட்ட பழைய சீமெந்துக் கற்கள் பதித்த வீடு என்றால் அந்தக் கல்லிலேயே உங்கள் நிறப்பட்டியல் முழுவதும் இருக்கிறது. அதிலிருந்து இரண்டை எடுங்கள், சுவரை வெறுமையாக விடுங்கள். வெறும் சாம்பல் சீமெந்து நிலம் எதற்கும் மறுப்புச் சொல்லாது.

3. வெளிச்சத்தைப் பாருங்கள், திசைகளை நம்பாதீர்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் "வடக்குப் பக்க அறையில் வெயில் படாது, அங்கே இளஞ்சூடான நிறம் பூசுங்கள்" என்று இருக்கும். லண்டனுக்குச் சரி. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது, சித்திரை தொடக்கம் முதல் ஆவணி நடு வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து விழும், மார்கழியில் தெற்குப் பக்கம். ஆகவே எங்களுக்கு நிரந்தரமாகக் குளிர்ந்த அறை என்று ஒன்று கிடையாது. கவனிக்க வேண்டியது மேற்குச் சுவர். பின்னேர வெயில் முழுவதும் அதில்தான், அங்கே அடர் நிறம் பூசினால் வெளியே சூடு ஏறும், உள்ளே இரவு பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். மேற்கில் வெளிர் நிறம், அல்லது வெளியே ஒரு மரநிழல்.

இன்னொன்று, முற்றத்து வெண்மணலும் வெள்ளை மதிலும் தெறிக்கிற வெளிச்சம். விறாந்தைக்கு அடுத்த அறை அதனால் பகலில் கண் கூசும், உள்ளறை இருட்டாகக் கிடக்கும். கூசுகிற அறையில் நடுத்தர அடர்த்தியான நிறம் தாங்கும், நிம்மதியாகவும் இருக்கும். இருட்டு அறையில் வெள்ளை பூசினால் வெளிச்சம் வரும் என்று நினைக்கிறோம், வராது, தெறிப்பதற்கு வெளிச்சமே இல்லாத இடத்தில் வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும். அங்கே மஞ்சள் கலந்த இளநிறம் நல்லது. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் தெறிக்கிறது என்று காட்ட, பெயின்ற் கம்பனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்ஆர்வி என்று ஓர் எண் வைத்திருக்கும், கடையில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். கறுப்பு 0க்குப் பக்கத்தில், வெள்ளை 85 அல்லது அதற்கு மேல். உள்ளறைக்கு 60க்குக் குறையாமல் எடுங்கள்.

பிறகு பல்ப். எங்கள் வீடுகளில் 6500 கெல்வின் நீல வெள்ளைதான் எங்கும். அதற்குக் கீழே சிவப்பு நிலம் செத்துப்போன மண்ணிறமாகும், பனையோலை சாம்பலாகும், சாப்பாடுகூட ருசியாகத் தெரியாது. ஹோலுக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின், குசினிக்கும் பிள்ளைகள் படிக்கிற மேசைக்கும் 4000. பெட்டியில் சிஆர்ஐ 90 என்று போட்டிருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும். ஒரே அறையில் மஞ்சள் பல்ப்பையும் நீல பல்ப்பையும் கலக்காதீர்கள். பாணியைக் கலக்கலாம், இதைக் கலக்கக்கூடாது.

நிறம் தெரிந்ததும் ஒரு கடதாசி மட்டையில் இரண்டடிக்கு இரண்டடி இரண்டு தரம் பூசி, காலை, மத்தியானம், இரவு பல்ப்புக்குக் கீழே என்று அறையின் வேறு வேறு சுவர்களில் சாத்திப் பாருங்கள். சுவரிலேயே பூசிப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணைக் குழப்பும்.

4. மூன்று நிறமும் ஒரு நூலும்

வீடு முழுவதற்கும் மூன்று நிறம் எடுங்கள். பெரிய பரப்புகளுக்கு ஒன்று, ஏறத்தாழ 60 வீதம். கேட்டின், பெரிய தளபாடம், ஒரு சுவர் போன்றவற்றுக்கு இன்னொன்று, 30 வீதம். மிச்சம் 10 வீதத்துக்குத் துணிச்சலான ஒன்று. எல்லாரும் சொல்கிற கணக்குத்தான், ஆனால் எங்கள் வீட்டில் நிலம் பளிச்சென்று கண்ணில் படுவதால் நிலத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். சிவப்பு நிலம் என்றால் உங்கள் 30 வீதம் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

அந்தத் துணிச்சல் நிறம்தான் கலவை வீட்டின் நூல். ஒரு அறையில் குறைந்தது மூன்று இடத்தில் அது வர வேண்டும், வேறு வேறு உயரத்தில். மயில்நீலம் என்று வைத்துக்கொள்வோம்: யன்னல் சட்டத்தில் ஒன்று, குஷன் உறையில் ஒன்று, பெட்டகத்துக்கு மேல் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒன்று. பெட்டகம் நூறு வருஷப் பழசாக இருக்கட்டும், செற்றி போன வருஷம் வாங்கியதாக இருக்கட்டும், அந்த நீலம் இரண்டுக்கும் நடுவில் போய்வருவதால் அவை ஒரே வீட்டுப் பொருட்களாகிவிடும். அடுத்த அறைக்குப் போகும்போது நூல் அறுந்துவிடக்கூடாது. அங்கே அது சின்னதாக ஒரு இடத்திலாவது தெரிய வேண்டும், அதுவும் வாசலில் நின்று பார்க்கும்போதே.

நிறத்துக்கு எங்கே போவது? வெளியே பாருங்கள். வலிகாமத்துச் செம்பாட்டு மண், காய்ந்த பனையோலை, குருத்தோலை, செவ்வரத்தை, பாசி பிடித்த கிணற்றுக்கட்டு, காலையில் காக்கைதீவுப் பக்கத்துக் கடல். கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையும் எங்கள் நிறம்தான், ஆனால் அதை அப்படியே வீட்டுச் சுவரில் போடாதீர்கள், கோயில் வாசலில் குடியிருப்பதுபோல இருக்கும். ஒரு கேட்டின் துணியில் அந்தப் பட்டை வரட்டும், அது போதும்.

நாலு சுவருக்கு நாலு நிறம் என்ற ஒரு பழக்கம் கொஞ்சக் காலமாக இருக்கிறது, ஊதா ஒரு பக்கம், கிளிப்பச்சை ஒரு பக்கம். அது கலவைப் பாணி இல்லை, பெயின்ற் கடையின் விளம்பரம்.

வெள்ளைப் பின்னணியில் எல்லாவற்றையும் கலக்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் (1919–2003) வீடு. செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள், வர்ணம் தீட்டிய கதவு, நவீனக் கதிரைகள் என்று எல்லாமே அங்கே வெள்ளைச் சுவருக்கும் வெள்ளை நிலத்துக்கும் நடுவில் நிற்கின்றன. அழகுதான். ஆனால் செம்பாட்டு மண்ணில் விளையாடிவிட்டு ஓடிவருகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் வெள்ளை நிலம் அரை நாள் தாங்காது. அதனால்தான் பழைய பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் சுவரின் கீழே மூன்றடிக்கு அடர் நிறப் பட்டை பூசினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கீழே களிமண் நிறம் அல்லது கரும்பச்சை, மேலே வெளிர், நடுவில் விரலளவு ஒரு கோடு. கையடையாளம், மண், பந்து பட்ட தழும்பு எல்லாவற்றையும் அந்தப் பட்டை பார்த்துக்கொள்ளும்.

5. சுவர்: பூசுவதைவிடக் காய விடுவது முக்கியம்

இங்கேதான் ஆக அதிகமாகக் காசு வீணாகிறது. எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம், ஆனால் பொங்கல் வருவது தை பிறந்தவுடன், அப்போது சுவர் குடித்த தண்ணீர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பழைய காலத்தில் அடித்தது சுண்ணாம்பு, அதற்குள்ளால் ஈரம் வெளியே போகும், அதனால் பிரச்சினை இருக்கவில்லை. இன்றைய எமல்ஷனை ஈரச் சுவரில் பூசினால் சித்திரைக்குள் கொப்பளிக்கும். பொங்கலுக்குக் கழுவித் துடைத்து விறாந்தையை மட்டும் அடியுங்கள், உள்வேலையை மாசி பங்குனியில் வைத்து வருஷப்பிறப்புக்கு முடியுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் எனாமல் பூசிய கதவில் தூசி வந்து ஒட்டும்.

சுவரின் அடியில் வெள்ளையாகப் பூப்பது உப்பு. நிலத்து ஈரம் ஏறும்போது அதில் கரைந்த உப்பும் ஏறி, தண்ணீர் ஆவியானதும் மேலே தங்கிவிடுகிறது. கடலோர ஊர்களிலும், கழுவாத கடல் மண்ணில் கட்டிய வீடுகளிலும் இது கூடுதலாக இருக்கும். அதற்கு மேல் புட்டி வைத்துப் பூசுவதால் எந்தப் பலனும் இல்லை. உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். உதிர்கிற பூச்சை நல்ல பகுதி வரும் வரைக்கும் கொத்தி எடுத்து, சில கிழமை காற்றாட விட்டு, திரும்ப உப்புப் பூக்கிறதா என்று பாருங்கள். வெளியே மண் சுவரோடு உயர்ந்து கிடந்தால், பூங்கன்றுக்கு ஊற்றுகிற தண்ணீர் சுவரடியில் தேங்கினால், அதை முதலில் சரி செய்யுங்கள். இப்படி ஈரமுள்ள சுவரில் கீழ்ப்பட்டையை எனாமலில் பூசாதீர்கள், ஈரம் அடைபட்டு இன்னும் மேலே ஏறும்.

சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய வீடு என்றால் சுண்ணாம்பே நல்லது. அதில் ஒக்சைட் தூள் கலந்து மஞ்சள் காவி, சிவப்புக் காவி எல்லாம் எடுக்கலாம். மெல்லிய பூச்சாக மூன்று தரம். காய்ந்தபின் வரும் அந்தத் திட்டுத் திட்டான அழகு எந்த டின்னிலும் வராது.

புதுச் சாந்து பூசிய சுவர் என்றால் குறைந்தது நான்கு கிழமை பொறுத்து, காரம் தாங்கும் சீலர் ஒன்று பூசி, அதன் பிறகு இரண்டு தரம் எமல்ஷன். குடிபூரலுக்கு நாள் வைத்துவிட்டோம் என்று அவசரப்பட்டால் அடர் நிறங்கள் முதலில் திட்டுத் திட்டாக வெளிறும்.

எவ்வளவு பெயின்ற் வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 12க்கு 12 அறை, 10 அடி உயரம்: நான்கு சுவரும் 480 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு யன்னலும் ஏறத்தாழ 50 சதுர அடி, கழித்தால் 430. இரண்டு பூச்சுக்கு 860. ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு 100 முதல் 120 சதுர அடி போகும், ஆகவே ஏறத்தாழ எட்டு லீற்றர், நான்கு லீற்றர் டின் இரண்டு. பூச முதல் இரண்டு டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள், மெசினில் கலந்தாலும் டின்னுக்கு டின் நிறம் கொஞ்சம் மாறலாம், அது சுவர் நடுவில் தெரிந்தால் பிறகு அழுதும் பயனில்லை.

இரண்டு எச்சரிக்கை. பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், கதவு யன்னலை உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வேண்டாம். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைச் சுரண்டவோ துளைக்கவோ கூடாது, அதன் தூசி நெஞ்சுக்குக் கெடுதி. தெரியக்கூடாது என்றால் கீழே சீலிங் அடியுங்கள்.

வெளிச் சுவருக்கு ஒக்சைட் அடிப்படையிலான மண் நிறங்களை எடுங்கள், காவி, மஞ்சள் காவி, செங்கல், சாம்பல். பளிச்சென்ற ஊதாவும் ரோசும் எங்கள் வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும்.

6. பழையதும் புதியதும் ஒரே அறையில்

ஒரு அறைக்கு ஒரு பெரிய பழைய பொருள். ஹோலில் பெட்டகம் இருந்தால் பழைய கட்டில் உள்ளே போகட்டும், இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் நூதனசாலை. பெட்டகத்துக்கு எதிரில் மெல்லிய கால் உள்ள புதிய கதிரைகளை வைத்தால் இரண்டின் அழகும் தெரியும். எல்லாத் தளபாடத்தையும் சுவரோடு ஒட்டி வைத்து நடுவில் மைதானம் விடுகிற பழக்கத்தையும் கைவிடலாம், செற்றியைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் இழுத்தாலே பேச வசதியாக இருக்கும்.

மரத்தின் நிறத்தில் கவனம் வேண்டும். முதிரை மஞ்சள் மினுக்கம், பலா மஞ்சளில் தொடங்கி வருஷம் போகப் போகச் செம்மண்ணிறம், தேக்கு மண்ணிறம், மகோகனி சிவப்பு. ஒரு அறையில் இரண்டு மர நிறம் போதும். மூன்றாவதாக ஒன்று இருந்தால் அதற்குப் பெயின்ற் அடியுங்கள். ஆனால் முதிரையையும் தேக்கையும் தொடாதீர்கள், வன்னிக் காட்டு முதிரையில் செய்த அலுமாரிக்கு வெள்ளை எனாமல் பூசுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும். அவற்றுக்கு 120இல் தொடங்கி 220 மண்கடதாசியால் மர இழையோடு தேய்த்து, அரக்குப் பொலிஷ். பெயின்ற் அடிப்பதற்கென்றே இருப்பவை பிளைவூட் மேசை, ஸ்ரூல், அந்த இரும்பு அலுமாரி. இரும்பு அலுமாரியைத் துரு தட்டி, துருத் தடுப்புப் பிரைமர் பூசி, உங்கள் நூல் நிறத்தில் எனாமல் அடித்துப் பாருங்கள். மூலையில் ஒளித்து வைத்திருந்ததை ஹோலுக்குக் கொண்டுவருவீர்கள்.

ஷோகேஸ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பொம்மை, கப், பரிசுக் கேடயம், யாரும் குடிக்காத தேநீர்க் கோப்பைத் தொகுதி, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பாதியை மட்டும் திரும்ப வையுங்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றலாம். பின்பலகைக்கு உள்ளே நடுத்தர நிறம் ஒன்று பூசினால் வெள்ளைப் பீங்கான் எடுபடும்.

பிளாஸ்டிக் கதிரைகள் வேண்டும்தான், சடங்கு, செத்தவீடு, பிள்ளையார் கதை என்று ஆட்கள் வருகிற வீடுகள் இவை. ஒரே நிறத்தில் வாங்குங்கள், பின்விறாந்தையில் அடுக்குங்கள்.

7. துணியும் ஓலையும்

இலங்கைக் கைத்தறி நிறத்துக்குப் பேர் போனது. கொழும்பில் துணி வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி (1928–2022) கைத்தறித் துணிகளில் எங்கள் வெயிலுக்கு ஏற்ற அடர் நிறங்களைப் பட்டை பட்டையாகச் சேர்த்துக் காட்டியதற்குப் பிறகு பலர் அந்த வழியில் போனார்கள். அது எட்டாத விலை என்றால் மருதமுனைக் கைத்தறி இருக்கிறது, சாறமும் சேலையும் வாங்கி குஷன் உறை, மேசை விரிப்பு என்று தைத்துக்கொள்ளலாம். உடுக்காமல் கிடக்கிற பருத்திச் சேலைகளும் நல்ல கேட்டின், ஆனால் வெயில் யன்னல் என்றால் பின்னால் ஒரு வெள்ளை உட்துணி தைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் இற்றுவிடும். கேட்டின் நிலம் தொட வேண்டும். யன்னலோடு அரையில் நிற்கிற கேட்டின் சுவரை இரண்டாக வெட்டிவிடும்.

பனையோலைப் பொருட்களை அலங்காரம் என்று தனியாக வைக்காமல் பாவியுங்கள். கடகம் செய்தித்தாளுக்கு, மூடி உள்ள பெட்டி விளையாட்டுச் சாமானுக்கு, சுளகு குசினிச் சுவரில். சாயம் போட்ட ஓலையில் ரோசும் பச்சையும் ஊதாவும் அடர்த்தியாக இருக்கும், உங்கள் 10 வீதம் அதிலேயே கிடைத்துவிடும். பனம்பொருள் விற்கிற கற்பகம் கடைகளிலும் சந்தைகளிலும் வாங்கலாம். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், மழை விட்ட நாளில் நிழற்காற்றில் காய வையுங்கள், உச்சி வெயிலில் ஓலை வெடிக்கும்.

8. படங்கள்

எங்கள் ஊரில் படம் என்றால் கூரைக்குப் பக்கத்தில்தான் கொழுவுவோம். கீழே இறக்குங்கள். படத்தின் நடு நிலத்திலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருந்தால் நின்று பார்க்கிறவரின் கண்ணுக்கு நேராக வரும். பட்டமளிப்புப் படம், கலியாணப் படம், அப்பப்பாவின் கறுப்பு வெள்ளைப் படம் எல்லாவற்றையும் ஒரே சுவரில் சேர்க்கலாம், சட்டம் மட்டும் ஒரே நிறமாக இருக்கட்டும், இடைவெளி இரண்டு மூன்று அங்குலம். காலமானவர்களின் படத்துக்கு மாலையும் சின்ன பல்ப்பும் வைக்கிற வீட்டில் அதைத் தனிச் சுவரில் விடுங்கள். கலண்டர் குசினிக் கதவுக்குப் பின்னால்.

9. மிச்ச இடங்கள்

சாமி அறையில் நானாக ஒன்றும் சொல்ல மாட்டேன், வீட்டுப் பெரியவர் சொல்வதைக் கேளுங்கள். விளக்குப் புகை பிடிக்கிற சுவர் என்பதால் கழுவக்கூடிய பெயின்ற் என்பது மட்டும் கவனம்.

குசினியில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் எண்ணெயும் தெறிக்கும், கொஞ்சம் மினுங்குகிற பெயின்ற்தான் துடைக்க வரும். மஞ்சள், பச்சை இரண்டும் அங்கே நல்லாக இருக்கும். குளியலறையில் கறுப்பு மாபிள் வேண்டாம். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளைக் கறை படியும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். வெளிர்ச் சாம்பல், மணல் நிறம் என்றால் மறைந்துவிடும்.

விறாந்தையை மறக்காதீர்கள், வீட்டில் ஆட்கள் இருப்பது அங்கேதான். திண்ணை இருந்தால் சிவப்புக்குப் பொலிஷ், தூணுக்கு வெள்ளை, சாய்மனைக் கதிரைக்குப் பட்டைத் துணி புதிது, மண்சாடியில் குரோட்டன். குரோட்டனின் இலையிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருப்பதால் சாடிக்கு வேறு வர்ணம் அடிக்கத் தேவையில்லை.

10. எந்த வரிசையில்

ஈரமும் உப்பும் முதலில், பிறகு மின்சார வேலை, சீலிங், சுவர், கதவு யன்னல், நிலத்துக்குப் பொலிஷ், அப்புறம் தளபாடம், கடைசியில் துணியும் படமும். ஒரு அறையை முழுமையாக முடித்து, ஒரு மாதம் அதில் இருந்து பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போவது நல்லது, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவுகள் வருகிறார்கள் என்று வீடு முழுவதையும் ஒரேயடியாகக் கிளறினால் அவர்கள் வரும்போது நீங்கள் பெயின்ற் டின்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்திருப்பீர்கள்.

வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்றை மூடி இறுக்கி நிழலான இடத்தில் வையுங்கள். டின்னில் ஒட்டியிருக்கிற நிறக் குறியீட்டு எண், எந்த அறை, எந்த மாதம் என்பதை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாரி முடிந்து சுவரடியைத் தொட்டுப் பூசுகிற நேரத்தில் டின்னின் எழுத்து அழிந்திருக்கும், கடையில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.